வெயில் ஏறுவதற்குள்: அரிசோனாவில் நாய்களோடு மலைச்சிங்க வேட்டை

நான் அரிசோனாவின் டூசான் பக்கம் குடிவந்து 16 வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைநாய் வளர்ப்பவர். முதல் இரண்டு வருடம் அவருடைய நாய்க்கூண்டுகளைக் கழுவிக் கொடுத்தேன். மூன்றாம் வருடம்தான் "நாளைக்கு மலைக்கு வா" என்றார். இப்போது என்னிடமே ஐந்து நாய்கள். பனி விழாத வறண்ட மலையில் மலைச்சிங்கத்தை நாய்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, மலைச்சிங்கம் நம்ம கிர் சிங்கத்துக்குச் சொந்தமா? (திருநெல்வேலி)

பெயரில்தான் சிங்கம். பூமா, கூகர் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். பிடரிமயிர் கிடையாது, கர்ஜிக்கவும் வராது. சுகமாக இருந்தால் வீட்டுப் பூனை மாதிரி 'குர்ர்' என்று சத்தம் போடும். இங்கே ஆண் 45 முதல் 70 கிலோ, பெண் 30 முதல் 45 கிலோ இருக்கும். மான்தான் முக்கிய இரை. நாலே பாய்ச்சலில் மானை வீழ்த்திவிடும், ஆனால் நெடுந்தூரம் ஓட மூச்சு போதாது. நாய்கள் துரத்தினால் மரத்திலோ பாறை விளிம்பிலோ ஏறி நின்றுகொள்வது அதனால்தான். அந்த மூச்சுக் குறைவு இல்லையென்றால் இந்த வேட்டையே இல்லை.

பனி விழும் மாநிலங்களில் இது சுலபம் என்கிறார்களே, வறண்ட நிலத்தில் அப்படி என்ன கஷ்டம்? (டொராண்டோ)

பனியில் தடம் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போனது, எப்போது போனது, குட்டி கூட வந்ததா என்று எல்லாவற்றையும் வண்டியில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். நாயை அவிழ்த்துவிட்டால் ஈரத்தில் மோப்பமும் நிற்கும்.

இங்கே பாறையும் சரளையும்தான். சிங்கம் ராத்திரி நடந்த இடத்தில் காலடிச் சுவடுகூட இருக்காது. அது விட்டுப்போன வாசனைத் துணுக்குகளுக்கு ஈரம் வேண்டும், நிழல் வேண்டும். வெயில் பட்ட தெற்குச் சரிவில் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒன்றும் மிஞ்சாது. வடக்குச் சரிவில், ஓக் மரத்தடிச் சருகில், பாறை இடுக்கில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தடம் ஒரே கோடாகப் போகாது. இங்கே நாலடி, அங்கே பத்தடி என்று துண்டு துண்டாகக் கிடைக்கும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ராத்திரி குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கும். சூரியன் பட்டதும் அதே காற்று சரிவில் மேலே ஏறும், வாசனையையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த மாற்றத்துக்கு முன்னால் கிடைப்பதுதான் நமக்கு. என் கிழட்டு ப்ளூடிக் இன நாய் ஆறிய தடத்தில், அதாவது சிங்கம் போய்ப் பல மணி நேரம் ஆன தடத்தில், வேலை செய்வதைப் பார்த்தால் புரியும். மூக்கைக் குழிக்குள் வைத்து, முதலில் 'ஃபூ' என்று ஊதும். பிறகு இழுக்கும். அடுத்து, சிங்கத்தின் விலா உரசியிருக்கக்கூடிய உயரத்தில் இருக்கும் புதர் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும். குரைக்காது. முதலில் வால் நுனி மட்டும் மெல்ல ஆடும். அதற்கு அப்புறம்தான் குரல். ஒரு பாறையைத் தாண்ட அரை மணி நேரம் எடுத்துக்கொண்ட நாளும் உண்டு.

எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? (ஈரோடு)

குளிர்காலம் என்றால் நாலு மணி. மே மாதம் என்றால் ஒரு மணிக்கே எழுந்துவிடுவோம். மலை உச்சி முகடுகளில் கோவேறு கழுதை மேல் மெதுவாகப் போவோம். குதிரையைவிட அதன் குளம்பு கெட்டி, கால் வைக்கும் இடத்தைத் தானே பார்த்து வைக்கும். என்னை மாதிரி பயந்தவர்களுக்கு அதுவே நிம்மதி. ஆண் சிங்கங்கள் முகட்டுக் கணவாய்களில் பின்னங்காலால் மண்ணையும் ஊசியிலைச் சருகையும் சுரண்டிக் குவித்து அதன்மேல் சிறுநீர் விட்டுப்போகும். நாய்கள் அந்தக் குவியல்களைத்தான் ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொண்டே போகும்.

நாய் தடத்தை எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஓடினால்? சிங்கம் எங்கிருந்து வந்ததோ அங்கே போய்விடுமே? (மலேசியா)

நல்ல கேள்வி, ஐயா. ஆறிய தடத்தில் நாய்க்குத் திசை தெரியாமல் போவது சாதாரணம். நாயைக் குறை சொல்லிப் பயனில்லை, அது மனிதன் பார்க்க வேண்டிய வேலை.

நாய்கள் குரல் கொடுத்ததும் நாம் ஒரு வறண்ட ஓடையையோ மாட்டுப் பாதையையோ தேட வேண்டும். மணல் இருக்கிற இடம் வேண்டும். அங்கே இறங்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் காலடியின் நிழல் விழும். நகக்குறி இல்லையென்றால் பெரும்பாலும் பூனைக் குடும்பம். உள்ளங்கால் திண்டின் பின் ஓரத்தில் மூன்று மேடுகளும் தெரிந்தால் பூனைக் குடும்பம் என்பது உறுதி, அளவும் பெரிதாக இருந்தால் சிங்கமேதான். விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம். நாய்கள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். கூப்பிட்டால் வருகிற நாய்தான் இந்த ஊருக்கு உதவும்.

போன வருடம் ஒரு நாள் சோம்பலில் இறங்கிப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, பழைய மான் எலும்புகள் கிடந்த இடத்துக்கு நாய்கள் எங்களைக் கூட்டிப்போய்ச் சேர்த்தன. சிங்கம் முந்தின நாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய இடம்!

சார், எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை இருக்கிறது. அதைப் பழக்கலாமா? (விருதுநகர்)

பழக்க முடியாது. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்து, வேகத்தால் பிடிக்கிற இனங்கள். இங்கே நாள் முழுக்கக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு மூக்கும் பொறுமையும் வேண்டும். ப்ளூடிக், வாக்கர், பிளாக் அண்ட் டேன், ரெட்போன், அப்புறம் பிளட்ஹவுண்ட் கலந்தவை. தொங்குகாது, கனத்த குரல். தடத்தில் போகும்போது நீளமாக இழுத்துக் கத்தும், சிங்கம் மரம் ஏறிவிட்டால் வெட்டு வெட்டாகக் குரைக்கும். ஒரு மைல் தள்ளி நின்றாலும் குரலை வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேலைக்கே இடமில்லை. சிப்பிப்பாறையை ஆசையாக வளருங்கள், போதும்.

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அந்த வெயிலில் நாய்கள் எப்படித் தாங்குகின்றன? (நாமக்கல்)

தாங்காது, தம்பி. அதுதான் உண்மை.

நாய்க்கு உடம்பில் வேர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம். நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இளைக்கும்போது மோப்பம் பிடிக்க முடியாது. மோப்பம் பிடிக்கிற நாய் ஒரு விநாடிக்கு நாலைந்து முறை மூக்கால் இழுக்கும், வாய் திறந்து இளைக்கிற நாய்க்கு அது நடக்காது. ஆகவே வெயில் ஏறினால் தரையில் வாசனையும் போய்விடும், நாய்க்கு மூக்கும் போய்விடும். அதற்கு மேல் ஓட்டினால் உயிரும் போகும்.

ஒரு மே மாதம் நடந்தது. காலை ஒன்பதரை. தடம் சூடாகிவிட்டது (சிங்கம் சற்று முன்புதான் போயிருக்கிறது), இன்னும் அரை மணி நேரத்தில் மரம் ஏற்றிவிடலாம் என்று எனக்குப் பேராசை. பெரியவர் "போதும், கட்டு" என்றார். நான் கேட்கவில்லை. ஒன்றரை வயது வாக்கர் பெட்டை ஒன்று, திடீரென்று குடிகாரன் மாதிரி பின்னங்கால் பின்ன நடந்து, ஒரு புதர் நிழலில் போய்ப் படுத்தது. ஈறு செங்கல் நிறம். எச்சில் பசை மாதிரி. என்னிடம் இருந்த நாலு லிட்டர் தண்ணீரையும் வயிறு, தொடை இடுக்கு, அக்குள் என்று ஊற்றி, தொப்பியால் விசிறினேன். ஈரத் துணியைப் போர்த்தாதே, சூட்டை உள்ளே பூட்டிவிடும் என்று பெரியவர் கத்தினார். பிறகு தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். 22 கிலோ. கிளினிக்கில் வெப்பம் பார்த்தபோது அவ்வளவு ஊற்றியும் 41 டிகிரி செல்சியஸ். நாய்க்குச் சாதாரணமாக 38, 39 இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிழைத்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. எழுந்து நின்றுவிட்டதே என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அந்தப் பெட்டைக்கு இப்போது ஏழு வயது. கொஞ்சம் வெயில் பட்டாலே நிழலைத் தேடுகிறது. அதற்கு என் தப்புதான் காரணம்.

இப்போது என் கணக்கு எளிது. என் நிழல் என் உயரத்துக்குச் சுருங்கினால் நாய்களைக் கட்டிவிடுவேன், சிங்கம் கண்ணெதிரே நின்றாலும்.

கள்ளி, பாம்பு? (யாழ்ப்பாணம்)

இரண்டுக்கும் குறைவில்லை. சப்பாத்திக்கள்ளி உங்களுக்குத் தெரியும், அதன் ஊரே இந்தக் கண்டம்தான். சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு மரமும் இங்கே ஓடைக்கு ஓடை நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராமநாதபுரம்தான் ஞாபகம் வரும். மோசமானது சோயா என்ற கள்ளி (பீன்ஸ் இல்லை, இது வேறு). உரசினாலே உருண்டை உருண்டையாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். நாய் வாயால் பிடுங்கப் போனால் நாக்கிலும் ஏறும். சட்டைப்பையில் ஒரு சீப்பும் சின்னக் கொறடும் இல்லாமல் யாரும் போவதில்லை. உருண்டையைச் சீப்பால் நெம்பித் தள்ளிவிட்டு, மிச்ச முள்ளைக் கொறடால் இழுப்போம். பாறை சுட்டால் பாதத்தோல் உரியும், அதற்குத் தோல் செருப்பு கட்டிவிடுவோம்.

கிலுகிலுப்பைப் பாம்பு மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை நடமாடும். கடித்தால் கீறக்கூடாது, கட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும், அவ்வளவுதான். யாரும் பேசாத எதிரி ஒன்று மண்ணில் இருக்கிறது: பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற பூஞ்சை நோய். புழுதியை மூச்சில் இழுத்தாலே வரும். சில வாரம் கழித்து நாய் இருமும், அல்லது காரணமில்லாமல் நொண்டும். மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். என் ஐந்தில் இரண்டுக்கு வந்துபோயிருக்கிறது.

ஜிபிஎஸ் பட்டை எல்லாம் கட்டுகிறார்களே, அப்புறம் என்ன வேட்டை? (துபாய்)

அது சிங்கத்தைக் காட்டாது, நாயைத்தான் காட்டும். நாய் தொலையாமல் வீடு திரும்ப அது வேண்டும். மற்றபடி வேட்டைக்குத் தானியங்கி கேமரா வைப்பதை அரிசோனா 2022-இல் தடை செய்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மரத்தில் ஏறியதும் சுட்டுவிடுவீர்களா? கொடுமையாகத் தெரியவில்லையா? (கோவை, சென்னை, இன்னும் பலர்)

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். அரிசோனாவில் வேட்டை உரிமமும் சிங்கத்துக்கான தனி அனுமதிச் சீட்டும் (டேக்) வாங்க வேண்டும். உடம்பில் குட்டிப் பருவப் புள்ளி மாறாத குட்டியையும், அப்படிப்பட்ட குட்டியோடு இருக்கும் தாயையும் தொடக்கூடாது. நாய்களை வைத்து வேட்டையாடுவதை ஆதரிப்பவர்கள் சொல்லும் பெரிய நியாயம் இதில்தான் இருக்கிறது. மரத்தில் நிற்கிற விலங்கைப் பத்து நிமிடம் நிதானமாகப் பார்க்கலாம். ஆணுக்கு வாலடியில், ஆசனவாய்க்கு நாலைந்து அங்குலம் கீழே ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்புப் புள்ளி இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. பைனாகுலரில் அது தெரிந்த பிறகுதான் முடிவு. பெண்ணாக இருந்தால் நாய்களைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

எதிர்ப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. கலிபோர்னியா 1990-இல் சிங்க வேட்டையையே மக்கள் வாக்கெடுப்பில் நிறுத்தியது. ஓரிகன் 1994-லும் வாஷிங்டன் 1996-லும் நாய்கள் வைத்துப் பிடிப்பதைத் தடை செய்தன. கொலராடோவில் 2024-இல் சிங்க வேட்டையையே நிறுத்தக் கேட்டு வாக்கெடுப்பு வந்து தோற்றது. இங்கே ஒரு காலத்தில் சிங்கத்தின் தலைக்குப் பணம் கொடுத்தார்கள், 1970 வாக்கில்தான் அது சட்டப்படி வேட்டை விலங்கானது.

நான் எந்தப் பக்கம்? மலைக்குப் போகத் தொடங்கிய இந்த 13 வருடத்தில் என் பெயரில் ஒரு சிங்கமும் விழுந்ததில்லை. பெரியவர் இரண்டு சுட்டார், இரண்டின் கறியையும் சாப்பிட்டோம். பன்றிக்கறி மாதிரி வெளுப்பாக இருக்கும். எனக்கு அந்த மரத்தடியோடு போதும். ஆனால் சுடுகிறவரை மிருகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மலைகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மறக்க முடியாத சம்பவம் ஏதாவது? உங்களுடையது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. (பெங்களூரு)

அப்படியானால் வார்னர் க்ளென் கதை. மெக்சிகோ எல்லையோரத்துப் பண்ணைக்காரர், பரம்பரைச் சிங்க வேட்டைக்காரர். 1996 மார்ச்சில் பெலோன்சியோ மலையில் அவருடைய நாய்கள் எதையோ துரத்திப் பாறை உச்சியில் நிறுத்தின. சிங்கம் என்று நினைத்துக் கழுதையில் ஏறிப்போனவர் கண்டது ஜாகுவார். அமெரிக்காவில் அதைப் பார்ப்பதே அபூர்வமாகிப்போன காலம். துப்பாக்கியை எடுக்கவில்லை, கேமராவை எடுத்தார். அது அவர்மேல் பாய வந்தபோது நாய்கள் குறுக்கே விழுந்தன. நாய்களையும் இழுத்துக்கொண்டு விலகி, அதன் வழியில் போகவிட்டார். அதே வருடம் ஆகஸ்டில் பபோகிவரி மலையில் வேறு வேட்டைக்காரர்களின் நாய்கள் இன்னொரு ஜாகுவாரை மரம் ஏற்றின. அங்கேயும் படம் மட்டும்தான். அடுத்த வருடம், 1997-இல், அமெரிக்காவுக்குள்ளும் ஜாகுவாருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

அண்ணே, வந்தால் கூட்டிப்போவீர்களா? (மதுரை)

வாருங்கள் தம்பி. ஜூனில் வேண்டாம், பிப்ரவரியில் வாருங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முள் குத்தாத கனத்த பேண்ட், ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர். அதில் மூன்று லிட்டர் நாய்களுக்கு, அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்வேன். ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிவிட வேண்டும். பத்தில் ஏழு நாள் வெறுங்கையோடுதான் திரும்புவோம். அந்த ஏழு நாளுக்கும் வழியில் ஒரு மெக்சிகன் கடையில் நல்ல புரிட்டோ கிடைக்கும்.