பென்குயின்களும் பெரிய திரையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளியில் ஒரு சிறிய திரைப்பட மன்றம் நடத்துகிறோம். லுக் ஜாக்கே இயக்கிய ‘மார்ச் ஆஃப் தி பென்குயின்ஸ்’ ஆவணப்படத்தை அடுத்த மாதம் பள்ளி அரங்கில் போடலாம் என்றேன். “பென்குயின் வீடியோவெல்லாம் பிள்ளைகள் ஃபோனிலேயே பார்த்தாயிற்று. அதற்குப் போய் எதற்கு வாடகை புரொஜெக்டர்?” என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய திரையில் அப்படி என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? திரையிடும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு பென்குயின் வழுக்கி விழுவதைப் பார்க்க ஃபோன் போதும். அதில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் இந்தப் படத்தின் உயிர் தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில் இருக்கிறது. அடிவானம் வரை வெறும் பனி, அதன் நடுவே எறும்புச் சாரை போல ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டிலிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மீட்டருக்கு மேல் உயரமான, தனித்தனியாகத் தள்ளாடி நடக்கும் ஒரு பறவை. கூட்டத்தையும் அதற்குள் இருக்கும் ஒற்றைப் பறவையையும் கண் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் பெரிய திரை.

கணக்காகவே சொல்கிறேன். 43 அங்குல டிவி சுமார் 95 செ.மீ. அகலம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் படம் கண்ணில் 18 டிகிரி இடத்தைத்தான் பிடிக்கும். ஃபோனைப் படுக்கைவாட்டில் ஓர் அடி தூரத்தில் பிடித்தால் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். திரையரங்கில் திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் ஏறக்குறைய 37 டிகிரி, திரை அகலமே தூரமானால் 50 டிகிரிக்கும் மேல். காட்சியின் அகலத்தில் இருநூறில் ஒரு பங்காக நிற்கும் பறவை டிவியில் வெறும் புள்ளி. திரையில் அதற்குக் கழுத்து உண்டு, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

இன்னொரு காரணம் பலரும் யோசிக்காதது. இணையவழிக் காணொளி, முந்தைய ஃபிரேமிலிருந்து (தனிப் படத்திலிருந்து) என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சேமித்துத்தான் அளவைக் குறைக்கிறது. பனிப்புயலில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது, அதாவது எல்லாமே மாறுகிறது. நொடிக்கு 5 முதல் 8 மெகாபிட் வரை மட்டும் கிடைக்கும் இணைப்பில் புயல் சதுரம் சதுரமாக உடைந்து, பறவைகளின் முதுகு களிம்பு தடவியதுபோல ஆகிவிடும். திரையரங்குக் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாகச் சுருக்கப்படுகிறது, நொடிக்கு 250 மெகாபிட் வரை இடமுண்டு. ஆகவே நீங்களும் இணையத்திலிருந்து ஓட்டாமல் ப்ளூ-ரே வட்டில் போடுங்கள்.

அண்டார்டிகாவில் பிரான்சின் டுமோன் டுர்வில் ஆய்வு நிலையத்தை ஒட்டிய காலனியில் படமாக்கினார்கள். அங்கே சுமார் 3,000 ஜோடி எம்பரர் பென்குயின்கள் கூடுகின்றன. இடம் அண்டார்டிக் வட்டத்தின் விளிம்பிலேயே இருப்பதால் நடுக்குளிர்காலத்திலும் பகலில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. இன்னும் தெற்கே, 77 டிகிரி அட்சரேகையில், கேப் குரோசியரில் அப்போது முழு இருட்டு. 1911-இல் முட்டை தேடி அங்கே போன மூன்று பேர் இருட்டிலேயே தடவித் தடவித்தான் வேலை செய்தார்கள்.

லோரான் ஷாலே, ஜெரோம் மெசோன் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்கள். பதின்மூன்று மாதம். சூப்பர் 16 ஃபிலிம், அதன் ஒரு ஃபிரேம் பன்னிரண்டரை மில்லிமீட்டர் அகலம். பன்னிரண்டரை மீட்டர் திரையில் அது ஆயிரம் மடங்கு பெரிதாகிறது. மங்கலான காட்சிகளில் மணல் போல ஒரு பொரி ஓடுவது தெரிந்தால் புரொஜெக்டரைக் குறை சொல்லாதீர்கள், அது ஃபிலிமின் இயல்பு. கடுங்குளிரில் ஃபிலிம் விறைத்து ஒடியும், பேட்டரி சீக்கிரம் ஓய்ந்துவிடும், கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் மூச்சே உறைந்து படியும். வெளிச்சம் அளக்கும் மீட்டரை அப்படியே நம்பினால் வெண்பனி சாம்பலாகப் பதிவாகும், லென்சை ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடுதலாகத் திறந்தால்தான் பனி பனியாக வரும். அதிகம் திறந்தாலோ வெள்ளை வயிறு பனியோடு கரைந்துவிடும். இத்தனைக்கும் நடுவே பறவையின் முதுகில் சிறகுகளின் வரிசை தெரியும்படி எடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் படத்துக்கு முன் பத்து நிமிடம் பேசுங்கள். படம் ஓடும்போது மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், ஒலி கெட்டுவிடும். சொல்ல வேண்டியது முக்கியமாக ஒன்று: இந்தப் பறவைக்குக் கூடு கிடையாது. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அடேலி பென்குயின் கல் பொறுக்கிக் கூடு கட்டும், கூட்டை நெருங்கும் அயலாரைக் கொத்தும். எம்பரர் முட்டையைத் தன் பாதங்களின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடிக்கொள்கிறது. காக்க எல்லை இல்லை, முட்டையோடு நகரவும் முடியும். அதனால்தான் ஆயிரக்கணக்கான ஆண்கள் சண்டையில்லாமல் உடம்போடு உடம்பு ஒட்டி நிற்க முடிகிறது. ஒரு சதுர மீட்டரில் பத்துப் பறவைகள் வரை நெருக்குகின்றன. வெளியே உறைகுளிர் அடிக்கும்போது கூட்டத்துக்குள் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டுகிறது, சில நேரம் 37 வரை ஏறியதை அளந்திருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தைத் திரையில் எப்படிப் பார்ப்பது? நடுவைப் பார்த்தால் எதுவும் அசையாது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இடைவெளி விட்டுத் தொடர்ந்து எடுத்த படங்களை வைத்து, 30 முதல் 60 நொடிக்கு ஒருமுறை எல்லாப் பறவைகளும் 5 முதல் 10 செ.மீ. அடியெடுத்து வைக்கின்றன, அந்த அசைவு கூட்டம் முழுக்க அலையாகப் பரவுகிறது என்று காட்டியது. பத்து நொடிக் காட்சியில் அது சிக்க வாய்ப்பு குறைவு. விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று அறையும் பக்கத்தில் நிற்பவை உரிந்து, ஓரமாக நடந்து, மறைவான பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபோனில் இது கண்ணுக்குத் தட்டுப்படாது.

கூடில்லை என்றால் முகவரியும் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பும் தாய், ஒரே மாதிரி நிற்கும் ஆயிரங்களில் தன் துணையைக் குரலால்தான் கண்டுபிடிக்கிறது. பறவையின் குரலுறுப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு. எம்பரர் இரண்டிலும் ஒரே நேரத்தில், சற்றே வேறுபட்ட சுருதியில் ஒலி எழுப்புகிறது. இரண்டும் உரசி ஓர் அதிர்வு பிறக்கும், சுருதி சேராத இரண்டு தந்திகளை ஒன்றாக மீட்டியதுபோல. அந்த அதிர்வு ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே தயவுசெய்து பள்ளியின் கூம்பு ஒலிபெருக்கியை இணைக்காதீர்கள். அதில் அடிஒலி வராது, காற்றின் உறுமலும் காலடியும் காணாமல் போய், கூட்டத்தின் இரைச்சல் தகர ஓசையாகக் கேட்கும். இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும் வையுங்கள்.

மூல பிரெஞ்சு வடிவத்தில் அப்பா, அம்மா, குஞ்சு மூன்றும் மனிதக் குரலில் தம் கதையைச் சொல்கின்றன. மார்கன் ஃப்ரீமன் பேசும் அமெரிக்க வடிவத்தில் ஒரே கதைசொல்லி. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பறவை பேசாமல் இருக்கும்போதுதான் நாம் அதை உற்றுப் பார்க்கிறோம். அதிலும் காதல் என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. பெரும்பாலான எம்பரர்கள் அடுத்த ஆண்டு வேறு துணையோடுதான் சேர்கின்றன என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ஆண் ஏறக்குறைய நாலு மாதம் ஒன்றும் சாப்பிடாமல் நிற்கிறது, அதில் இரண்டு மாதத்துக்கு மேல் முட்டையோடு. இதைச் சொன்னாலே போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை. சின்ன வகுப்புகள் வந்தால் முட்டை உருண்டு உறைந்துபோகும் காட்சியையும் சிறுத்தைச் சீல் காட்சியையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி அரங்கம். நான்கு மீட்டர் அகலத் திரைக்கு, பெட்டியில் வெளிச்ச அளவு 3,000 லூமன் என்று போட்டிருக்கும் புரொஜெக்டர் வேண்டும். சினிமா மோடில் பாதி வெளிச்சம் போய்விடும், மிச்சமிருப்பது திரையரங்கு அளவுக்குச் சரியாக இருக்கும். மாலை இருட்டிய பிறகே தொடங்குங்கள். பனிக்காட்சியின் வெளிச்சம் வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரைக்கே திரும்பி, கறுப்பைச் சாம்பலாக்கும். இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்தில் தெரியாத குறை இது. திரைக்கு இருபுறமும் இரண்டு மூன்று மீட்டருக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். திரையில் சுருக்கம், தையல், லென்சில் தூசி எல்லாமே வெண்பனியில் அப்பட்டமாகத் தெரியும், துணியை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டவும்.

முதல் நாளே பனி நிறைந்த ஒரு காட்சியை நிறுத்திவைத்து, பனித்தரையின் வரிகள் தெரியும் வரை ‘கான்ட்ராஸ்ட்’டைக் குறையுங்கள். ‘விவிட்’, ‘டைனமிக்’ மோடுகளில் அந்த வரிகள் வெள்ளையில் மூழ்கிவிடும். நிறத்தை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள், ‘கூல்’ எல்லாவற்றையும் சொட்டுநீலம் போட்டதுபோல ஆக்கும். படம் சரிவகமாக விழுந்தால் பொத்தானை அழுத்திச் சரிசெய்யாமல் மேசையை நகர்த்துங்கள், பொத்தான் படத்தின் புள்ளிகளில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பாய் விரித்து உட்காருவதானால் முதல் வரிசை திரையிலிருந்து 4 மீட்டர், கடைசி வரிசை ஏழரை மீட்டர். அதற்குள் ஐம்பது பிள்ளைகள் வசதியாக உட்காரலாம். அதிகம் பேர் இருந்தால் இரண்டு காட்சியாகப் போடுங்கள், பின்னால் நெருக்க வேண்டாம். வீட்டுச் சந்தாவோ சொந்த வட்டோ பொதுத் திரையிடலுக்கான உரிமை ஆகாது, விநியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது படக்குழுவினர் பனியில் வேலை செய்வது வருகிறது. அதுவரை பிள்ளைகள் பறவைகளை மட்டுமே பார்த்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு மனிதர் வந்து நிற்கும்போதுதான் அவை எவ்வளவு உயரம் என்று அவர்களுக்குத் தெரியும்.