மணக்குடிப் பொழியில் ஓங்கில் கரையேறுமா? – கேள்வி பதில்

பல வருடமாகக் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பாறையிலும், பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்திலும் காலைகளைக் கழித்து வருகிறேன். டால்பின் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஓங்கில் என்பது நம் பழைய சொல், அதையே எழுதுகிறேன்.

அண்ணா, ஒரு வீடியோவில் டால்பின்கள் சேற்றுக் கரையில் உடம்போடு ஏறி மீன் பிடிக்கின்றன. நிஜமா? (தக்கலை)

நிஜம்தான். அமெரிக்காவில் தென் கரோலினா, ஜார்ஜியா கரைகளில், சதுப்புப் புல்லுக்கு நடுவே ஓடும் உப்பு ஓடைகளில் நடப்பது. ஜார்ஜியாவில் பார்த்ததை 1971-லேயே அறிவியல் இதழில் எழுதிவிட்டார்கள்.

ஓதம் (கடல் நீரின் ஏற்றம்) வற்றி ஓடை ஒடுங்கும் நேரம்தான் அவற்றுக்கு வாகு. நாலைந்து சேர்ந்து மடவை மீன் கூட்டத்தை ஓரமாக ஒதுக்கும். அப்புறம் ஒரே வரிசையாகக் கரையை நோக்கிப் பாயும். அந்த வேகத்தில் எழும் அலையே மீனைத் தூக்கிச் சேற்றில் போட்டுவிடும். பின்னாலேயே இவையும் வழுக்கி ஏறி, துடிக்கும் மீனைக் கவ்விக்கொண்டு நெளிந்து நெளிந்து தண்ணீருக்குத் திரும்பும். எல்லாம் சில நொடிதான். பெரும்பாலும் வலப்பக்கம் கீழே இருக்கும்படியே படுக்கும். குட்டிகள் தாயோடு கூடவே திரிந்து பழகிக்கொள்ளும் வித்தை இது.

நம் மணக்குடியிலும் மடவை கிடக்கிறதே, இங்கே ஏன் அப்படி இல்லை? (ராஜாக்கமங்கலம்)

நல்ல கேள்வி. மீன் இருந்தால் மட்டும் போதாது, ஓதம் வேண்டும். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். நமக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது. போதாததற்குப் பொழியில் மணல் திட்டு விழுந்து வாய் அடைபடும். பழையாற்றில் வெள்ளம் பெருகி வந்தால் திறக்கும். பாய்ந்து ஏறச் சரிவான சேற்றுக் கரையும், தினம் இரண்டு முறை வற்றி இறங்கும் ஓடையும் இல்லாத இடத்தில் அந்த வித்தைக்கு வேலை இல்லை.

ஓங்கில் மீனை ஓட்டிக்கொண்டு வரும், வலை வீசினால் போதும் என்பார் எங்கள் தாத்தா. கதைதானே? (குளச்சல்)

கதை இல்லை தம்பி. கொல்லத்துக்குப் போய் அஷ்டமுடிக் காயல் பக்கத்து வீச்சுவலைக்காரர்களைக் கேளுங்கள். ஓங்கில் விரட்டி வரும் மீனுக்கு வலை வீசுகிறவர்கள் அவர்கள். பிரேசிலில் லகூனா என்ற ஊரிலும் இதே கதைதான். மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள், ஓங்கில் முதுகை வளைத்து முங்கும் நொடியில் வலை விழும். அங்கேயும் மீன் மடவைதான்! சிதறி ஓடும் மீன் ஓங்கில் வாய்க்குப் போகும். உங்கள் தாத்தா இன்னும் இருந்தால் அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறையோடு போய்விடக் கூடாத அறிவு அது.

எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்? (நாகர்கோவில், கல்லூரி மாணவி)

டிசம்பரிலிருந்து மார்ச் வரை, விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகள் நல்ல இடம், உயரம் இருக்கிறது. ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்றில் கடல் நுரையாகக் கிடக்கும், ஒன்றும் தெரியாது.

ஓங்கிலைத் தேடாதேம்மா, ஆலாவைத் தேடு. அந்த வெள்ளைப் பறவைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தலைகீழாக விழுந்தால் கீழே மீன் கூட்டம் உண்டு. கரையை ஒட்டி வருவது கூன்முதுகு ஓங்கில். முதலில் நீண்ட மூக்கு தெரியும், அப்புறம் திமில் மாதிரி முதுகு, அதன்மேல் சின்னத் துடுப்பு. போன தை மாதம் காற்றே இல்லாத ஒரு காலையில் மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்டது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. எட்டிப் பார்த்தால் பாறைக்கு நேர் கீழே தாயும் குட்டியும். தாய் ஒரு மூச்சு விட்டால் குட்டி இரண்டு விட்டது.

வள்ளத்தில் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம் சார். ஓங்கில் காதால் வேட்டையாடுகிற ஜீவன். தான் எழுப்பும் ஒலி மீனில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் இடம் பிடிக்கும். எஞ்சின் இரைச்சல் அந்த ஒலியை மூடிவிடும். ஒருமுறை படம் எடுக்க வந்தவர்கள் எஞ்சினை முடுக்கி நேராகக் கூட்டத்துக்குள் ஓட்டினார்கள். நான் பாறையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். கூட்டம் கலைந்தது, மீனும் போயிற்று, அன்று முழுக்க அவை திரும்பவில்லை. அமெரிக்காவில் குறைந்தது 45 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். கூன்முதுகு ஓங்கில் அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கும் இனம், அதனால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். துரத்துவதும் தொந்தரவு செய்வதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உயிரோடு கரை ஒதுங்கினால் என்ன செய்வது? (கடியப்பட்டணம்)

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். நனைந்த துணி போட்டு உடம்பை ஈரமாக வைத்திருங்கள், வெயில் படாமல் நிழல் கட்டுங்கள். தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் துணியோ தண்ணீரோ மணலோ விழக் கூடாது. கூட்டத்தை விலக்கிவிட்டு உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.