ரோமானிய நாணயங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசு ஒன்றை அண்மையில் வாங்கினேன். மேலெல்லாம் பச்சை படர்ந்திருக்கிறது. புளியோ எலுமிச்சையோ தேய்த்துத் துலக்கலாமா?

பதில்: வேண்டாம். காசின் மேல் படரும் பச்சையில் இரண்டு வகை உண்டு. முதலாவது, மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்ததால் கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்த களிம்பு. உலோகம் உள்ளே அரிக்கப்பட்டுப் போன காசுகளில் பேரரசரின் முகமும் எழுத்துகளும் அந்தக் களிம்புப் படலத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும் என்பதால், புளிப்புப் பொருள்களால் அதைக் கரைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது குழிவிழுந்த ஓர் உலோகத் துண்டுதான். பளபளக்கும் பழங்காசைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை, நானும் வாங்குவதில்லை.

இரண்டாவது வகை வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். ஊசியால் தொட்டால் உதிரும். துடைத்தாலும் திரும்ப வரும். உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு உப்புகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசைத் தின்னும் இந்நிலைக்கு வெண்கல நோய் என்று பெயர். தூளை மெல்ல அகற்றி, காய்ச்சி வடித்த நீரில் காசை ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, பிறகு முழுமையாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைக்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றிலிருந்து நாளடைவில் கசியும் பொருள் காசில் பிசுபிசுப்பாகப் படிந்து, புதிய அரிப்பைத் தொடங்கி வைக்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள காசுகள் எதிலும் ஆண்டு இல்லையே. எப்போது அச்சடிக்கப்பட்டவை என்று எவ்வாறு அறிவது?

பதில்: நம் காலத்து நாணயங்களைப் போல ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் ரோம அச்சுச்சாலைகளில் இல்லை. ‘கி.மு. 44’ என்று பொறித்த காசை யாரேனும் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். முதல் மூன்று நூற்றாண்டுகளின் காசுகளில் பேரரசரின் பட்டங்களே பெரும்பாலும் நாட்காட்டியாக உதவுகின்றன. பேரரசர் டிராஜனின் காசில், ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சுலைக் குறிக்கும் ‘காஸ்’ என்ற சுருக்கத்தை அடுத்து ஐந்தைக் குறிக்கும் ‘வி’ இருந்தால், அவர் ஐந்தாம் முறை கான்சுல் பதவி ஏற்ற 103-க்கும், ஆறாம் முறை ஏற்ற 112-க்கும் இடையில் அது வெளிவந்தது என்று கொள்ளலாம். ‘டி.ஆர். பி.’ என்று சுருக்கப்படும், பேரரசர் வகித்த மக்கள் தீர்ப்பாளர் அதிகாரமோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. அதனோடு எண்ணும் சேர்ந்திருந்தால், ஓராண்டு அளவுக்கே காலத்தைச் சுருக்கிச் சொல்லிவிட முடியும். எண் இல்லாத காசுகளும் உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் இந்த எண்கள் அருகிவிட்டதால் பின்புறப் படத்தையே பார்க்க வேண்டும். ‘படையின் பெருமை’ என்னும் பொருள்பட லத்தீனில் எழுதப்பட்ட காசில் இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்றால் அது ஏறத்தாழ 330 முதல் 335 வரையிலானது. ஒரே கொடி என்றால் அதற்குப் பிந்தையது. கொடி குறைந்தபோது காசின் எடையும் குறைந்தது. படத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்துகள் அச்சடித்த ஊரைக் குறிப்பவை: ‘டி.ஆர்.’ என்றால் இன்றைய ஜெர்மனியில் உள்ள டிரியர், ‘எஸ்.ஐ.எஸ்.’ என்றால் இன்றைய குரோவேஷியாவில் உள்ள சிசியா. இந்த வெண்கலக் காசுகள் பெருமளவில் அச்சடிக்கப்பட்டதால் எளிதில் கிடைக்கின்றன. புதியவர்கள் வெள்ளித் தினாரியஸை நாடுவதற்கு முன் இவற்றை வாசித்துப் பழகுவதே நல்லது.

கேள்வி: புரூட்டஸ் வெளியிட்ட, இரு குறுவாள்கள் பொறித்த வெள்ளிக் காசை மலிவாகத் தருவதாக ஒருவர் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அக்கொலையைக் கொண்டாடி வெளியிட்ட அந்தக் காசை வரலாற்றாசிரியர் டியோ காசியஸே தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். அத்தனை புகழும் அருமையும் உள்ள ஒன்று மலிவாக வருமா? விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடுகிறதா, பரப்பில் நுண்ணிய குமிழிகள் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ரோமானியர்கள் தினாரியஸை வார்க்கவில்லை, அச்சு வைத்து அடித்தார்கள். இந்தக் குறைகள் இல்லாவிட்டாலும், காசு இதுவரை யார் யாரிடம் இருந்தது என்பதற்கான பழைய ஏல ஆவணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள்.