தகர ரோபோவும் சோகோகினும்: பழைய ஜப்பானிய ரோபோ பொம்மைகள் – கேள்வி பதில்

வேலைக்காக ஜப்பான் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வந்த இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கை உடைந்த ஒரு தகர ரோபோவை வாங்கினேன். அன்றிலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கு இதற்குத்தான். கேள்விகளை அனுப்பச் சொன்னதும் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். தகர ரோபோ வாங்குவதா, சோகோகின் வாங்குவதா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தம்பி, இரண்டும் வேறு வேறு உலகம். தகர ரோபோக்கள் பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் செய்யப்பட்டவை. முக்கியமாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பவே செய்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 டிசம்பரிலேயே, கொசுகே மாட்சுசோ என்பவர் அமெரிக்க ராணுவம் வீசிய உணவு டப்பாக்களின் தகரத்தை வெட்டி ஜீப் பொம்மை செய்தார். கியோட்டோவில் அது உடனே விற்றுத் தீர்ந்தது. அந்தத் தகர வேலையின் தொடர்ச்சிதான் ரோபோக்கள். தட்டையான தகட்டில் முதலில் படத்தை அச்சடித்து, பிறகு அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்து, தகர நாக்குகளைத் துளைக்குள் நுழைத்து மடக்கி விடுவார்கள். இந்த ரோபோக்களில் பலவற்றுக்குக் கதையே கிடையாது. மார்பில் மீட்டர், தலையில் ஆன்டெனா, நடக்கும், விளக்கு எரியும். அவ்வளவுதான்.

சோகோகின் தொலைக்காட்சியின் பிள்ளை. கோ நாகாயின் மாஜிங்கர் இசட் தொடர் 1972 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அந்தக் கதையில் ரோபோவின் உடல் செய்யப்பட்ட கற்பனை உலோகத்தின் பெயர்தான் சோகோகின், அதாவது 'மீ உலோகக்கலவை'. பண்டாயின் துணை நிறுவனமான பாப்பி 1974-ல் மாஜிங்கரை உண்மையான துத்தநாகக் கலவையில் வார்த்து, அதே பெயரை வைத்து விற்றது. திரையில் பார்த்த உலோகத்தைக் குழந்தை கையில் கனமாக உணர்ந்தது. அந்தக் கனம்தான் அந்தப் பொம்மையின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

ஆரம்பிக்கிறவருக்கு என் ஆலோசனை: பெட்டி இல்லாத, பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்த ஒரு சோகோகினை வாங்குங்கள். கையில் எடுத்து முட்டியை மடக்கிப் பார்க்கலாம், ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்கலாம். கண்ணாடிக்குள் வைத்த புத்தம்புது பொம்மை எதையும் கற்றுத் தராது.

'ஐவர் கூட்டம்' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

மசுதயா நிறுவனம் 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் செய்த ஐந்து பெரிய ரோபோக்கள். ஒவ்வொன்றும் சுமார் 38 சென்டிமீட்டர் உயரம், கால் இல்லாமல் பாவாடை போல் கீழே விரிந்த உடல். 1957-ல் வந்த ரேடிகான், ரேடியோ அலையால் இயங்கியது. ஊதா நிற நான்-ஸ்டாப் ரோபோ, சுவரில் முட்டினால் தானாகத் திரும்பிப் போகும். சோனிக் ரோபோ ரயில் போல ஊதும். டார்கெட் ரோபோவின் மார்பில் அம்பு பட்டால் அது திரும்பி ஓடும். ஐந்தாவது மெஷின் மேன், சிவப்பு நிறம். ஐந்திலும் அரிது இதுதான், ஏலத்தில் வந்தாலே செய்தியாகிவிடும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

சார், இணையத்தில் ஒரு ரோபோ பார்த்தேன், '1960களின் அசல்' என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

பொம்மையைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பாருங்கள். பெட்டியில் சும்மா அச்சடித்து வைத்த எழுத்துகள் பல உண்மைகளைச் சொல்லிவிடும்.

தோக்கியோ தொலைபேசி எண் இருக்கிறதா? 03-க்குப் பிறகு 3-ல் தொடங்கும் எட்டு இலக்கம் என்றால், அது 1991-க்குப் பிந்தைய பெட்டி. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பழைய ஏழிலக்க எண்களுக்கு முன்னால் ஒரு 3 சேர்ந்தது. அஞ்சல் குறியீடு ஏழு இலக்கமா? அது 1998-க்குப் பிறகு. பார்கோடு இருந்தால் 60களின் பெட்டி இல்லவே இல்லை. எஸ்டி என்ற வட்டமான பாதுகாப்பு முத்திரை 1971-ல் வந்தது. அது இருக்கும் பெட்டியை 60களுடையது என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மாறாக, 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்ற எழுத்து 1947 முதல் 1952 வரையிலான ஏற்றுமதிப் பொருள்களுக்கு உரியது.

அடுத்தது, செய்த நிறுவனத்தின் முத்திரை. எஸ்ஹெச் என்றால் ஹொரிகாவா, டிஎன் என்றால் நோமுரா, டிஎம் என்றால் மசுதயா, கேஓ என்றால் யோஷியா. ஹொரிகாவாவுக்காகப் பல ரோபோக்களைச் செய்து கொடுத்த மெட்டல் ஹவுஸ் என்ற தோக்கியோப் பட்டறை பிற்காலத்திலும் பழைய பாணியில் தகர ரோபோ செய்து வந்தது. அவை நல்ல பொம்மைகள், போலி அல்ல. ஆனால் அவற்றை 60களின் விலைக்கு வாங்கக் கூடாது.

கடைசியாக, தகர நாக்குகள். தொழிற்சாலையில் ஒருமுறை மடக்கிய நாக்கு வழவழப்பாக ஒரே வளைவில் இருக்கும். யாரோ குறடால் நிமிர்த்தித் திறந்து மறுபடி மடக்கியிருந்தால் மடிப்புக் கோட்டில் அச்சு உதிர்ந்து, வெள்ளையாகக் கோடு தெரியும். இரண்டு மூன்று முறை மடக்கினால் நாக்கு ஒடிந்தே போகும். விற்பவரிடம் உடலின் பின்பக்க ஓரத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

ஜப்பானிய ஏலத் தளத்தில் மொழிபெயர்ப்பு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஐந்தாறு போதும். 'ஹகோ-த்சுகி' என்றால் பெட்டியோடு. 'கெப்பின்' என்றால் பாகம் ஏதோ குறைகிறது. 'ஃபுக்கோகு' என்றால் மறுபதிப்பு. இதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். 'தோஸா மிகாகுனின்' என்றால் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை என்று பொருள். நான் அதை 'ஓடாது' என்றே படித்துக்கொள்வேன். 'ஜாங்க்கு' என்றால் எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம் என்பது. இன்னொன்று 'நமாஎ-ககி', அதாவது பெயர் எழுதியிருக்கிறது. இதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

அண்ணா, நான் வாங்கிய கெட்டர் ரோபோவின் பாதத்துக்கு அடியில் மார்க்கரால் ஏதோ ஜப்பானிய எழுத்து. தின்னர் வைத்துத் துடைக்கலாமா? பெயிண்டும் பல இடத்தில் போயிருக்கிறது, ஸ்பிரே அடித்துப் புதிதாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

அந்த எழுத்து ஒரு பிள்ளையின் பெயர். மழலையர் பள்ளிக்கு எடுத்துப் போகும்போது மற்ற பிள்ளைகளுடையதோடு கலந்துவிடாமல் இருக்க அம்மா எழுதியிருப்பார். விலையைக் குறைக்கும் என்பதால் ஏலத்தில் இதைக் குறையாகப் போடுகிறார்கள். எனக்கு அப்படிக் குறைந்த விலையில் கிடைத்தவைதான் வீட்டில் முன்வரிசையில் நிற்கின்றன. ரைதீன் என்ற தொலைக்காட்சி ரோபோவின் பொம்மை ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஹிராகானா என்ற எளிய ஜப்பானிய எழுத்துமுறையில் நான்கு எழுத்து, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் சின்னதாக, சாய்ந்து கிடக்கும். ஐம்பது வருடம் அழியாத அதை ஐந்து நிமிடத்தில் தின்னரால் அழிப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

பெயிண்ட் விஷயமும் அப்படித்தான். உதிர்ந்த இடங்களைப் பாருங்கள்: கை முட்டி, மார்பின் விளிம்பு, பாதத்தின் முனை. எங்கே பிள்ளையின் கை பிடித்ததோ, எங்கே தரையில் இழுபட்டதோ, அங்கேதான் போயிருக்கும். ஸ்பிரே அடித்த கணத்தில் அது பாப்பி செய்த பொம்மையாக இருக்காது, உங்கள் பொம்மையாகிவிடும். பளபளக்கும் குரோம் பாகங்களை எதைக்கொண்டும் தேய்க்காதீர்கள். அது மிக மெல்லிய பூச்சு. பற்பசையால் தேய்த்து ஒரு நெஞ்சுப் பட்டையை மொட்டையாக்கியவன் நான். அந்தப் பட்டைக்கு மாற்று இன்றுவரை கிடைக்கவில்லை. மென்மையான காய்ந்த பிரஷ், பருத்தித் துணி. இவை இரண்டு போதும்.

கை முஷ்டி இல்லாத மாஜிங்கர் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

முஷ்டிதான் முதலில் தொலையும். ஸ்பிரிங்கில் பறக்கும் முஷ்டி சோபாவுக்கு அடியில் போனால் போனதுதான். ஏவுகணைகளும் அப்படியே. தனி முஷ்டிகள் விற்பனைக்கு வரும், ஆனால் சில நேரம் முழுப் பொம்மையின் பாதி விலை கேட்பார்கள். அசல் முஷ்டி தேடிப் பிடிக்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். ரெசினில் வார்த்த நகல் முஷ்டியை மாட்டினால், விற்கும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐயா, ஹொரிகாவா ரோபோ ஒன்று கிடைத்தது. பேட்டரிப் பெட்டியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். அவசரப்பட்டுப் புது பேட்டரி போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் மரக்குச்சியால் பொருக்கை உலர்ந்த நிலையிலேயே சுரண்டிக் கொட்டுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு, ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தடவுங்கள், லேசாக நுரைக்கும். அந்தக் காலத்துச் சாதாரண பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு வினிகர் உதவாது, ஆப்ப சோடா கரைத்த நீர்தான் சரி. எதுவென்று தெரியாவிட்டால் இரண்டையும் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், எது நுரைக்கிறதோ அது. குச்சி நனைந்து சொட்டக் கூடாது, ஈரமாக இருந்தால் போதும். ஒரு துளி வழிந்து வெளிப்பக்க அச்சில் விழுந்தால் அந்த இடம் போய்விடும்.

தகடு பளிச்சென்று தெரிந்ததும் ஒரு நாள் காயவிடுங்கள். அதன்பின் ரோபோவுக்குள் பேட்டரி போடாமல், வெளியிலிருந்து இரண்டு ஒயர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் முனகி நின்றால் உள்ளே பழைய கிரீஸ் பிசினாகியிருக்கிறது என்று பொருள், மோட்டார் எரிந்ததாக நினைத்துவிடாதீர்கள். என் கை உடைந்த ரோபோ மூன்றாம் நாள் இப்படித்தான் ஓடியது. மார்புக் கதவு இரண்டும் படாரெனத் திறந்து துப்பாக்கிகள் எட்டிப் பார்த்தபோது நான் சத்தம் போட்டதில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும்.

சென்னையில் இருக்கிறேன். கடல் காற்று, புழுக்கம். எப்படிப் பாதுகாப்பது?

தகரத்துக்கு ஈரமும் உப்பும் எமன். மூடிய கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ஈரப்பத மீட்டர். ஐம்பது விழுக்காட்டை ஒட்டி வைத்திருந்தால் நல்லது. நேர் வெயில் படக் கூடாது, சிவப்பு முதலில் வெளுக்கும். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு தங்கும். தொட்ட பிறகு துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: மென்மையான வினைல் பொம்மைகளைத் தெர்மகோல் மேல் நேரடியாக வைக்காதீர்கள். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து தெர்மகோலை உருக்கிவிடும். இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது.

என் டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) பொம்மையின் காலில் மயிரிழை போல வெடிப்புகள். கீழேகூடப் போடவில்லை.

துத்தநாகச் சிதைவாக இருக்கலாம். வார்க்கும்போது கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சிறிது சேர்ந்துவிட்டால், உலோகத்தின் உள்ளே மணிகளுக்கு இடையில் அரிப்பு பரவும். உலோகம் வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் போல உதிரும். ஈரமும் வெப்பமும் வேகப்படுத்தும். திரும்பச் சரி செய்ய வழியில்லை, உலர்ந்த இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம். அதன் ஸ்க்ரூக்களை இறுக்காதீர்கள். மற்ற பொம்மைகளுக்குத் தொற்றுமோ என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். தொற்றாது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அமெரிக்கப் பொம்மைதானே? இதில் ஏன் சேர்க்கிறீர்கள்?

பிறந்த வீடு ஜப்பான். தகாரா நிறுவனத்தின் டயாக்லோன் 1980-ல் வந்தது, மைக்ரோ சேஞ்ச் 1983-ல். இந்த இரண்டு வரிசையின் அச்சுகளையும் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ எடுத்துப் பெயரும் கதையும் கொடுத்து 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆக்கியது. ஆப்டிமஸ் பிரைம் முதலில் டயாக்லோனின் 'பேட்டில் கன்வாய்'. டயாக்லோன் கார்களில் காந்தக் கால் கொண்ட குட்டி ஓட்டுநர் உட்காருவார். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஓட்டுநர் கிடையாது, ஆனால் அவருக்கான இருக்கை பல கார்களில் அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்து பாருங்கள். என் கண்ணுக்கு அந்த வெற்று இருக்கைதான் அந்தப் பொம்மையின் முந்தைய வாழ்க்கைக்குச் சாட்சி.

என் நான்கு வயது மகனுக்குப் பழைய சோகோகின் ஒன்று வாங்கித் தரலாமா, அண்ணா?

வேண்டாம் சகோதரி. அந்த ஏவுகணைகள் தொண்டையில் சிக்கும் அளவு, ஸ்பிரிங்கும் பலமானது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அவனுக்கு இன்றைய பொம்மை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பழையதை நீங்கள் கையில் வைத்துக் காட்டுங்கள்.

ஜப்பான் வந்தால் எங்கே போய்ப் பார்ப்பது?

தோக்கியோவில் நகானோ பிராட்வே. 1966-ல் திறந்த பழைய வணிக வளாகம். மந்தராகே அங்கே பழைய மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைகள் விற்கும் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, இன்று பல அறைகளாகப் பரவியிருக்கிறது. பார்க்க மட்டும் என்றால் யோகோஹாமாவில் யமத்தே மேட்டில் இருக்கும் தகரப் பொம்மை அருங்காட்சியகம். சேகரிப்பாளர் கிதஹாரா தெருஹிசா 1986-ல் திறந்தது. சிறிய கட்டடம்தான், ஆனால் அலமாரிகள் நெருக்கமாக இருக்கும். புறப்படும் முன் திறந்திருக்கும் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகானோவுக்கு வார நாளில் மதியத்துக்குப் பிறகு போங்கள். காலையில் பல கடைகளின் ஷட்டர் மூடியிருக்கும்.