பேட்டரியைத் தானாக ஏற்றி இறக்கும் சோதனை பாதியில் நிற்பது ஏன்?

டர்பனில் லித்தியம் பேட்டரியைச் சோதிக்கும்போது, முதல் சார்ஜ் முடிந்தும் மென்பொருள் டிஸ்சார்ஜுக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு பேட்டரியில் இருக்காது. இரண்டு எண்கள் ஒத்துப்போகாததுதான் காரணம். பேட்டரி நிறைந்ததாக கேஜ் சிப் (பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று கணக்கிடும் சிப்) ஒத்துக்கொள்ள, சார்ஜ் மின்னோட்டம் அதில் பதிந்துள்ள அளவுக்குக் கீழே இறங்கிச் சிறிது நேரம் நிற்க வேண்டும். சார்ஜர் 150 மில்லிஆம்பியரிலேயே நிறுத்திக்கொள்ள, சிப்பில் 100 என்று இருந்தால் அந்த நிலை வரவே வராது. சிப்பில் 200 என்று மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஓய்வு நேரம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இம்பிடன்ஸ் டிராக் வகை சிப் என்றால், கற்றல் சுழற்சியில் (பேட்டரியின் கொள்ளளவை சிப் தெரிந்துகொள்ள ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்குவது) நிறைந்தபின் 2 மணி நேரமும் காலியானபின் 5 மணி நேரமும் சும்மா விட வேண்டும். அதற்குள் சோதனையை நடத்தும் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனால் யுஎஸ்பி இணைப்பு அறுந்து எல்லாம் நின்றுவிடும். ஸ்லீப்பை அணைத்து வையுங்கள்.

நம் ஊரில் லோட் ஷெடிங் வந்தால் இன்னொரு வம்பு. பவர் போனதும் சார்ஜ் மின்னோட்டம் பூஜ்யமாகும். லேப்டாப் மட்டும் தன் பேட்டரியில் ஓடும். மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் நிரல், பேட்டரி நிறைந்துவிட்டது என்று நம்பி இறக்கத் தொடங்கிவிடும். 4.2 வோல்ட் செல் என்றால், மின்னழுத்தம் 4.15ஐத் தாண்டியதா என்ற நிபந்தனையையும் சேருங்கள்.