படித்தது ஏன் வேலைக்கு வரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன், பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. வாசிப்பு வேலையில் கைகொடுக்கும் என்று நீங்கள் எழுதியதை நம்பி ஓராண்டாகத் தினமும் இரவு 20 பக்கம் படிக்கிறேன். தலைமைப் பண்பு, பேரம் பேசுவது, நேர மேலாண்மை என்று 20 புத்தகங்களுக்கு மேல் முடித்துவிட்டேன். முக்கியமான வரிகளை அடிக்கோடிடுவதும் உண்டு. ஆனால் கூட்டத்தில் வாய் திறந்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஓராண்டு விடாமல் படித்திருக்கிறீர்கள், பலர் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். விட்டுப்போனது, புத்தகத்தை மூடிய பிறகு செய்யவேண்டிய ஐந்து நிமிட வேலை.

ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள்; இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததுதான் சற்று அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம், எழுதிப்பார்த்ததில் 56 சதவீதம். அடிக்கோடு ஏமாற்றுவதும் இப்படித்தான். கோடிட்ட வரியைத் திரும்பப் பார்க்கும்போது கண்ணுக்குப் பழக்கமாக இருக்கிறது, தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் அந்த வரி கண்முன்னே இருக்காதே.

அரை மணி நேரத்தில் 25 நிமிடம் படியுங்கள். பிறகு மூடிவைத்து ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன சொன்னது, என் வேலையில் எங்கே வரும், எது புரியவில்லை. அப்புறம் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து, தலைப்பை மட்டும் பார்த்து மீதியைச் சொல்லிப்பாருங்கள். வேகம் குறையும், குறையட்டும். தினம் 10 பக்கம் என்றாலும் ஆண்டுக்கு 3,650 பக்கம், 300 பக்கப் புத்தகம் பன்னிரண்டு. களைத்துப்போன இரவில் நினைவிலிருந்து எழுத வராது. முடிந்தால் காலைக்கு மாற்றுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் பட்டியல். நேர மேலாண்மை பற்றி நான்காவது புத்தகம் படிப்பதை விட, உங்கள் தொழிலின் மூல விதிகளை ஒருமுறை முழுதாகப் படிப்பது பல மடங்கு மேல். சர்வதேச வணிக சபையின் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்; சரக்கு வணிகத்தில் செலவும் அபாயமும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறும் என்று சொல்பவை. மொத்தம் 11 விதிகள்தான். சி.ஐ.எஃப். (சரக்கின் விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) என்றால் சரக்கு நம் துறைமுகம் வந்து சேரும்வரை விற்பவர் பொறுப்பு என்று ஆண்டுக்கணக்கில் கொள்முதலில் இருப்பவர்களே நம்புகிறார்கள். கப்பல் கட்டணமும் காப்பீடும் அவருடையவை. ஆனால் அனுப்பும் நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே அபாயம் வாங்குபவர் தலையில். வேறு ஏற்பாடு இல்லையென்றால் விற்பவர் எடுக்கவேண்டிய காப்பீடு மிகக் குறைந்த ‘சி’ வகை, அதில் திருட்டு அடங்காது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு) போடுவதும் இதே மாதிரிப் பழக்கப் பிழை. கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறார்கள், அதற்குப் பொருந்துவது, சரக்கை எடுத்துச்செல்பவரிடம் ஒப்படைத்ததும் விற்பவர் பொறுப்பு முடிகிற எஃப்.சி.ஏ.

நாளுக்கு ஒரு விதி. அபாயம் எங்கே மாறுகிறது, செலவு எதுவரை, காப்பீடு யாருடையது என்று மூன்று கட்டம் போட்டு, பார்க்காமல் நிரப்புங்கள். பதினொன்றும் முடிந்ததும் கடைசியாகப் போட்ட ஐந்து கொள்முதல் ஆணைகளை எடுத்து ஒப்பிடுங்கள். பொருந்தாத இடம் இருந்தால் மேலாளருக்கு அரைப்பக்கக் குறிப்பு: ஆணை எண், இப்போதுள்ள விதி, அதனால் நமக்கு வரக்கூடிய இழப்பு, மாற்றவேண்டிய வாசகம். நீங்கள் படிப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிவது அந்த அரைப்பக்கத்தில்தான். ‘ஒரு புத்தகத்தில் படித்தேன்’ என்று அதில் எழுதவேண்டாம், விதியின் பெயரும் ஆண்டும் போதும்.

நாவலையும் கவிதையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தாளும் வேண்டாம், கட்டமும் வேண்டாம்.