சாலையோரத்தில் நின்று கோபுரம் பார்ப்பது தரிசனம் ஆகுமா?

கேள்வி: நான் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2025 மே மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல் சுற்றுலாவுக்குப் போய்வந்தோம். கொடைக்கானலில் ஒரு டிராவல்ஸ் மூலம் 4,12,000 ரூபாய் கட்டினோம். பினாங்கில் கரையிறங்கிச் சுற்றிப் பார்க்க மட்டும் தலைக்கு 6,800 வீதம் 34,000 ரூபாய் என்று பில்லில் தனியாகவே போட்டிருக்கிறார்கள். காலை 8.30 முதல் மதியம் 2.30 வரை, பினாங்கு மலை இரண்டு மணி நேரம், தண்ணீர்மலை முருகன் கோயில் தரிசனம் ஒரு மணி நேரம், புத்தர் கோயில், பழைய நகர வீதிகள், கடைகளுக்கு அரை மணி நேரம் என்று தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். நடந்தது வேறு. குடிநுழைவு வரிசை முடிந்து 9.20-க்குத்தான் பஸ் கிளம்பியது. முதலில் சாக்லேட், காப்பித்தூள் விற்கும் கடையில் 10.05 முதல் 11.10 வரை. அடுத்து துரியன் மிட்டாய்க் கடையில் முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு புத்தர் கோயிலில் 20 நிமிடம். பினாங்கு மலையில் கூட்டம் அதிகம் என்று சொல்லி இறக்கவே இல்லை. தண்ணீர்மலையில் சாலையோரம் 8 நிமிடம் பஸ்ஸை நிறுத்தி, ‘அதோ கோபுரம், படம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். 2.15-க்குக் கப்பலடியில் இறக்கிவிட்டார்கள். 68 வயது அம்மா, பழனியிலிருந்து ஒரு பொட்டலம் திருநீறு கொண்டுவந்திருந்தார், அந்தச் சன்னதியில் வைத்து எடுத்துவர. அது பிரிக்காமலே ஊர் திரும்பியது. டிராவல்ஸில் கேட்டால், ‘கரையில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை, கப்பல் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார்கள். கப்பல் கம்பெனியோ, உள்ளூர் ஏற்பாட்டாளர் தனி நபர் என்று பதில் அனுப்பி, அடுத்த பயணத்துக்கு 3,000 ரூபாய் சலுகைக் கூப்பன் தருவதாகச் சொல்கிறது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, மன்னிக்கவும். தெருவுக்குத் தெரு சாக்லேட் விற்கும் கொடைக்கானல் பக்கத்துக்காரரை, அதுவும் சொந்தமாகக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரை, கடல் கடந்து கூட்டிப்போய் சாக்லேட் காப்பிக் கடையில் ஒரு மணி ஐந்து நிமிடம் உட்கார வைத்திருக்கிறார்கள். தூண் பாறையைக் காட்டுவதற்கு முன் தைலக் கடை வாசலில் வண்டியை நிறுத்தும் வழக்கம் நம் மலைக்கும் புதிதல்ல.

உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தமிழ்த் தாளில் இருக்கிறது. ‘ஒரு மணி நேரம் தரிசனம்’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டு அதைச் செய்யாமல் விட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. உங்கள் சங்கடம் என்ன, எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலில் தாளில் இருப்பதையும் நடந்ததையும் நிமிடக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஆறு மணி நேரத்தில் 50 நிமிடம் குடிநுழைவு வரிசையில் போனது. அதற்கு டிராவல்ஸோ கப்பலோ பொறுப்பாகாது. மனுவில் அதை நீங்களே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிடுங்கள், மற்றதை நம்புவார்கள். மிச்சம் 310 நிமிடம். அதில் கடைகளுக்குச் சொன்னது 30, போனது 110. அதாவது 80 நிமிடம் உங்களிடமிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. தாளில் கோயிலுக்கு எழுதியிருந்ததோ 60. பஸ் தாமதமானதால் கோயில் போகவில்லை என்று அவர்கள் சொல்ல வாய்ப்பே இல்லாமல் செய்வது இந்த ஒரு கழித்தல்தான். சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே கப்பலடியில் இறக்கிவிட்டதும் கூடவே நிற்கிறது.

பினாங்கு மலை விஷயம் இவ்வளவு பலமானது அல்ல. மேலே போவது நம் பழனி விஞ்ச் மாதிரி தண்டவாளத்தில் இழுக்கப்படும் ரயில். கப்பல் வந்த நாளில் அங்கே கூட்டம் இருந்தது என்றால் நுகர்வோர் ஆணையம் அதை ஓரளவு ஏற்கக்கூடும். போதாக்குறைக்கு, 833 மீட்டர் மலையைப் பார்க்க முடியவில்லை என்று கொடைக்கானல் மலைக்காரர் வருத்தப்படுவதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். அந்தக் குறையை மனுவில் சேருங்கள், ஆனால் இரண்டாவதாக. கோயில்தான் முதலில். அதற்குக் கூட்டம், ரயில், டிக்கெட் எதுவும் காரணம் சொல்ல முடியாது, படியேறினால் சன்னதி.

படி என்றதும் அவர்கள் கேட்கப்போகும் கேள்வியும் இருக்கிறது. தண்ணீர்மலைக்கு 513 படிகள். 68 வயது அம்மா ஏறியிருப்பாரா? இது பணம் வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது சட்டப்படியான பதில். ஆனால் உண்மையான பதில் உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. பழனியில் 693 படிகளையோ யானைப் பாதையையோ இன்றும் நடந்து ஏறுகிறவர் என்றால், அதை அவரே தன் பிரமாண வாக்குமூலத்தில் இரண்டு வரி சொல்லட்டும். விஞ்சில் போகிறவர் என்றால் அப்படியே எழுதுங்கள். மற்ற நான்கு பேருக்கும் கோயில் கிடைக்கவில்லை என்பது அப்போதும் மாறாது. அம்மாவையும் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டியது நீங்கள் என்றாலும், உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். திருநீற்றுப் பொட்டலத்தைப் பற்றி உங்கள் சொற்களில் வேண்டாம், அவர் சொல்வதே போதும்.

யார்மேல் வழக்கு? எல்லோரும் கப்பல் கம்பெனியைத் துரத்தத்தான் ஆசைப்படுவார்கள். நான் உங்களைக் கொடைக்கானலிலேயே நிற்கச் சொல்வேன். பினாங்கில் பஸ் ஓட்டியவரைத் திண்டுக்கல்லுக்கு வரவழைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. உங்களிடம் காசு வாங்கியவர் பக்கத்தில் இருக்கிறார். அவரை முதல் எதிர்மனுதாரராகவும், கப்பல் கம்பெனிக்கு இந்தியாவில் அலுவலகமோ பிரதிநிதியோ இருந்தால் அந்த முகவரியில் அவர்களை இரண்டாவதாகவும் சேருங்கள்.

‘நான் வெறும் டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர்’ என்று டிராவல்ஸ்காரர் சொல்வார். இதற்கு உங்கள் பில்லையே மறுபடி எடுத்துப் பாருங்கள். 4,12,000-க்கு மேல் 5 சதவீதம், 20,600 ரூபாய், டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்திருப்பார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர்தான் அந்த வரியைப் பிடிக்க வேண்டும். வருமான வரித் துறையிடம் ‘விற்பவன்’ என்று சொன்னவர் நுகர்வோர் ஆணையத்தில் வந்து ‘தரகன்’ என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. இது என் கையில் கிடைத்தால் வேறெதையும்விட முதலில் இதைத்தான் காட்டுவேன். இன்னொன்றும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு, முகவர் பொதுவாகத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்கிறது. ஆனால் தான் யாருக்காகச் செயல்படுகிறேன் என்று பெயர் சொல்லாத முகவர் பொறுப்பாவார் என்று கொள்கிறது. பினாங்கில் சுற்றிக்காட்டப் போவது யார் என்று உங்கள் தாளில் ஒரு பெயராவது இருக்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை.

கப்பல் டிக்கெட்டின் பின்பக்கத்து நிபந்தனைகளைக் காட்டி, வேறு நாட்டு நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயம் என்றெல்லாம் பேசுவார்கள். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி இருப்பதாலேயே நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்று 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஒரு எச்சரிக்கை: அந்த நிபந்தனைகள் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’, அவற்றை ரத்து செய்யுங்கள் என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டுவிடாதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலும்தான். ஆர்வக்கோளாறில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அதிகார வரம்பைப் பற்றிய வாதத்திலேயே மாதங்கள் போகும்.

மன வருத்தத்துக்குப் பணம் உண்டா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு பழைய வழக்கு உண்டு. ஜார்விஸ் என்ற வழக்கறிஞர் 63.45 பவுண்டு கட்டிச் சுவிட்சர்லாந்துக்கு விடுமுறைக்குப் போனார். விடுதியில் கலகலப்பான கூட்டம் இருக்கும் என்று விளம்பரம். இரண்டாவது வாரம் விடுதியில் அவர் ஒருவர்தான் விருந்தினர். மலைநாட்டுப் பாடகர் பாடுவார் என்று எழுதியிருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் வேலைக்குப் போட்ட உடையோடு வந்து நாலைந்து பாட்டை அவசர அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். கீழ்நீதிமன்றம் கட்டணத்தில் பாதியைத் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 1972-இல் அது 125 பவுண்டாக உயர்ந்தது, கட்டிய பணத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விடுமுறை விற்பவன் மகிழ்ச்சியை விற்கிறான், அது கிடைக்காவிட்டால் அந்த ஏமாற்றத்துக்கும் விலை உண்டு என்பது அதன் சாரம். நம் ஆணையங்களை இது கட்டுப்படுத்தாது. மன உளைச்சலுக்கு இழப்பீடு தரும் அதிகாரம் நுகர்வோர் மன்றங்களுக்கு உண்டு என்பதற்கு நமக்கே லக்னோ வளர்ச்சிக் குழுமம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

ஆனாலும் பத்து லட்சம் கேட்காதீர்கள். மிகைத்த தொகை மனுவின் முகத்தையே கெடுத்துவிடும். சிங்கப்பூரும் கப்பலும் கடலும் உங்களுக்குக் கிடைத்தன. கெட்டது ஒரு நாள். கரைச் சுற்றுலாக் கட்டணம் 34,000, மன உளைச்சலுக்கு 60,000 அல்லது 75,000, வழக்குச் செலவு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில் துரியன் நாற்றம், கப்பலில் சாம்பார் சரியில்லை, வழிகாட்டியின் பேச்சு புரியவில்லை என்று நீங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருந்த பத்தியை இங்கே வெட்டிவிட்டேன். மனுவிலும் வெட்டிவிடுங்கள்.

சாட்சியங்களுக்கு வருவோம். கப்பலில் ஏறியதிலிருந்து உங்கள் போன் இந்திய நேரத்திலேயே இருந்திருக்கலாம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால் சாக்லேட் கடையில் பிள்ளைகள் எடுத்த படத்தில் 7.38 என்று இருந்தால் அது உள்ளூர் நேரம் 10.08. இதை வாக்குமூலத்தில் விளக்காவிட்டால் ‘காலை ஏழரைக்குக் கப்பலிலேயே இருந்தீர்களே’ என்று உங்களையே மடக்குவார்கள். கடையில் நீங்கள் 96 ரிங்கிட்டுக்கு வாங்கியதாக எழுதிய பில் இன்னும் இருக்கிறதா? அதில் அச்சான நேரம் போன் படத்தைவிட நம்பகமானது. ‘சந்தோஷமாகக் கடையில் வாங்கினார்களே’ என்று அதை வைத்தே கேட்பார்கள், பரவாயில்லை. ஒரு மணி நேரம் வெளியே விடாமல் வைத்தால் யாரும் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கத்தான் செய்வார்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் படங்களையும் அச்செடுத்து, பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்ப்பதில்லை என்றாலும் இருப்பது நல்லது. அதே பஸ்ஸில் வந்த இரண்டு குடும்பங்களின் வாக்குமூலம் கிடைத்தால் போதும், நாற்பது பேரைத் திரட்ட வேண்டாம்.

கூப்பனைத் தொடாதீர்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் ஒரு கிளிக் செய்தாலும் சிக்கல்.

முதலில் டிராவல்ஸுக்கும் கப்பல் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டப்படி இது கட்டாயம் இல்லை, ஆனால் பாதி டிராவல்ஸ்காரர்கள் வக்கீல் நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறார்கள். பதில் இல்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் வழிசெய்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு, கட்டிய தொகை 50 லட்சம் வரை. 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. நீங்கள் கேட்கும் இழப்பீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், கட்டிய பணத்தைத்தான் பார்ப்பார்கள். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பு 30 நாளில், கூடுதலாக 15 நாள் கேட்டால் 45 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். சமரசத்துக்கு அனுப்பட்டுமா என்று ஆணையம் கேட்டால் சரியென்று சொல்லுங்கள். இவ்வளவு தெளிவான தாள் இருக்கும்போது டிராவல்ஸ்காரர் அங்கேயே இறங்கி வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு, பினாங்கில் இறங்கிய நாளிலிருந்து. 2027 மே வரை இருக்கிறதே என்று காப்பி அறுவடை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அச்சடித்த தாள் தொலையும், போன் மாறும்.

அந்த 20,600 ரூபாய் டிசிஎஸ் வேறு கணக்கு. அது டிராவல்ஸ்காரரின் பணமும் இல்லை, இழந்த பணமும் இல்லை. உங்கள் பான் எண்ணில், வரி வரவுகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் வரவாகியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பக் கேட்கலாம். அதற்கு வழக்கு எதுவும் வேண்டியதில்லை.